காற்றுக்குக் கணக்கெழுதும் தீவு

வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால் மறுநாள் நாளிதழில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. கூண்டை இறக்கிய செய்தி பெரும்பாலும் வருவதில்லை. ராமேஸ்வரம் ஜெட்டியில் இருப்பவர்கள்தான் அதைக் கவனிப்பார்கள். எச்சரிக்கை இருக்கும்வரை மீன்துறை டோக்கன் கொடுக்காது. டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போகாது.

கூண்டை நேரில் பார்த்தால் பெரிய சமாச்சாரமாகத் தெரியாது. ஒரு கம்பம், கப்பி, கயிறு. கறுப்பாகக் கூம்பும் உருளையுமாகச் சில உருவங்கள். இரவானால் அவற்றின் இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். 1, 2 என்றால் ஆபத்து தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். அதற்கும் மேலே ஓர் எண் உண்டு, 11. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். மற்ற பத்தும் புயலைப் பற்றிப் பேசுகின்றன. பதினொன்று மட்டும் செய்தி வராமல் போனதைப் பற்றிப் பேசுகிறது. காலநிலை மாற்றத்தைக் கண்காணிப்பது பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதினொன்றுதான் நினைவுக்கு வருகிறது. அந்த வேலையில் புயலைவிடப் பெரிய எதிரி பதிவேட்டில் விழும் இடைவெளி.

வளிமண்டலத்தை அளக்க விஞ்ஞானிகள் ஏன் தீவைத் தேடிப் போகிறார்கள்? ஊருக்குள் கருவியை வைத்தால் அது பக்கத்துச் செங்கல் சூளையையும் பைபாஸில் போகும் லாரியையும்தான் அளக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைக் கடந்து வரும் காற்றில் அந்த உள்ளூர் வாசனை கழுவப்பட்டிருக்கும். மிஞ்சுவது உலகத்தின் பொதுக் காற்று. ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலையின் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியது இந்தக் காரணத்தால்தான். அன்று பத்து லட்சத்துக்கு 313 பங்கு இருந்தது. 2024இன் ஆண்டுச் சராசரி 424ஐத் தாண்டிவிட்டது. காலநிலை மாற்றம் பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ரம்பப் பல் போல ஏறி ஏறிப் போகும் அந்தக் கோடு இருக்கும்.

அதே கோட்டில் ஒரு சிறு வெட்டு இருப்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 1964இன் தொடக்கத்தில் சில மாதங்களுக்கு அளவே இல்லை. எரிமலை வெடிக்கவில்லை, கருவி உடையவில்லை. அமெரிக்க அரசு நிதியை வெட்டியது, அவ்வளவுதான். 2022 நவம்பரில் உண்மையிலேயே எரிமலை வெடித்து, நெருப்புக் குழம்பு சாலையையும் மின்கம்பிகளையும் விழுங்கியபோது பக்கத்து மௌனா கியா சிகரத்தில் மாற்றுக் கருவி வைத்துச் சமாளித்துவிட்டார்கள். எரிமலை செய்யாததை 1964இல் பட்ஜெட் செய்தது.

1964 என்றதும் நம் கரையில் நினைவு வேறு பக்கம் போகும். அந்த ஆண்டு டிசம்பர் 22 நள்ளிரவில், இலங்கையை வவுனியா பக்கமாகக் கடந்து பாக் நீரிணைக்குள் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை, பதிவுக் கணக்கின்படி 115 பேரோடு, கடல் எடுத்துக்கொண்டது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் போயின; கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் தூக்கு மட்டும் நின்றது. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தை மீட்டெடுத்த கதை ஊரறிந்தது. தகவல் துண்டிக்கப்பட்ட இரவு அது. பதினொன்றாம் எண்ணின் இரவு.

அதன்பின் ரயில்வே செய்த ஒரு காரியம் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். பாலத்தில் காற்றுமானி வைத்து அதைச் சிக்னலோடு இணைத்தார்கள். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் தானாகச் சிவப்பாகும். ரயில் கரையில் நிற்கும், தேநீர் விற்பவர் வந்துவிடுவார். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்திலும் காற்றைக் கேட்டுத்தான் ரயில் போகிறது. ரயிலை நிறுத்த வைத்த கருவி அந்தக் காற்றுமானி. ஆனால் பல ஆண்டு அளவுகளைத் தேதிவாரியாக அடுக்கினால் அதே கருவி காலநிலைக் கருவியாகிவிடும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முன்பைவிடச் சீக்கிரம் எழுகிறதா, வடகிழக்கு வாடை தாமதிக்கிறதா என்ற கேள்விகளுக்கு நடுக்கடலில் நிற்கும் ஒரு காற்றுமானியைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இந்த ராமேஸ்வரம் தீவின் விசேஷமே இதுதான். இங்கே வளிமண்டல ஆய்வகம் என்று பலகை மாட்டிய பெரிய கட்டடம் கிடையாது. ஆனால் கணக்கெழுதுகிறவர்கள் அநேகம். பாம்பனில் இந்திய வானிலைத் துறையின் பழைய நிலையம் இருக்கிறது. உலக வானிலை அமைப்பின் பட்டியலில் அதன் எண் 43363. வெள்ளையடித்த சட்டப் பலகைப் பெட்டி, அதற்குள் வெப்பமானிகள், வெளியே மழைமானி. பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் இங்கே குறைவு. சுற்றிலும் கடல் இருப்பதால் இரவில் காற்று குளிர்வதற்குக் கடல் விடாது. அதனால் பாம்பனின் இரவு வெப்பநிலையை அரைகுறையாகக் கடலின் வெப்பநிலை என்றே வாசிக்கலாம். உள்நாட்டிலுள்ள கமுதியிலோ பரமக்குடியிலோ இப்படி வாசிக்க முடியாது; அங்கே தரை சூடாகி ஆறுவதுதான் கணக்கில் விழும்.

கடல் மட்டத்துக்கும் இங்கே ஒரு பழைய கணக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய நிலஅளவைத் துறை துறைமுகந்தோறும் ஓதமானிகள் நிறுவியபோது பாம்பன் கால்வாயிலும் ஒன்று வைத்தது. 1878இல் தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் அந்தப் பதிவு முடிந்துவிட்டது. ஏத்தம், வத்தம் பார்த்துக் கப்பல் விட அந்த நான்கைந்து ஆண்டுகள் போதும். கடல் உயர்கிறதா என்று கேட்டால் போதாது. நிலவின் பாதை சாய்ந்து திரும்பும் சுற்றே 18.6 ஆண்டு எடுக்கும்; அது ஒன்றிரண்டு முறை முடிந்து, எல் நினோ போன்ற ஆட்டங்களும் அடங்கிய பிறகுதான் உண்மையான ஏற்றம் கண்ணில் படும். அரை நூற்றாண்டுப் பதிவாவது வேண்டும் என்பார்கள். வட இந்தியப் பெருங்கடலில் 1874 முதல் 2004 வரை கடல் மட்டம் ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் என்ற அளவில் உயர்ந்தது, 1993க்குப் பிறகு அது 3.3 மில்லிமீட்டராகிவிட்டது என்று 2020இல் வெளியான மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் மதிப்பீட்டு அறிக்கை சொல்கிறது. விடாமல் ஓடிய ஓதமானிகளும் பின்னால் வந்த செயற்கைக்கோள்களும் சேர்ந்து தந்த எண்கள் இவை. நான்கைந்து ஆண்டில் நின்றுபோன பாம்பன் ஓதமானிக்கு இதில் பங்கிருக்க முடியாது.

இந்தக் கரையில் கடல் மட்டம் என்பது நேர்க்கோட்டுக் கணக்கும் அல்ல. ராமேஸ்வரம் தீவின் வடகரையில், இன்றைய அலை எட்டாத உயரத்தில், பழைய பவளப்பாறைகள் வளர்ந்த நிலையிலேயே காய்ந்து நிற்கின்றன. ராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்திலிருந்தே புவியியலாளர்கள் அவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். டேவிட் ஸ்டோடார்ட்டும் மண்டபத்தில் பவளங்களை ஆராய்ந்த கோபிநாத பிள்ளையும் 1972இல் அவற்றைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்கள். ஏறத்தாழ 4,000 ஆண்டுக்கு முன் கடல் இங்கே இன்றைவிட உயரமாக இருந்ததற்கு அந்தப் பாறை சாட்சி. மறுபுறம் தனுஷ்கோடியின் தென்பகுதி 1948, 49 வாக்கில் சுமார் ஐந்து மீட்டர் தாழ்ந்தது என்று புவியியல் துறை ஆய்வொன்று சொல்கிறது. கடல் ஏறுகிறது என்று சொல்வதற்கு முன் தரை இறங்குகிறதா என்று கேட்டாக வேண்டிய ஊர் இது. தனுஷ்கோடியில் செல்ஃபி எடுத்துக்கொண்டு “குளோபல் வார்மிங்” என்று தலைப்பிடுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். 1964ஐ வெறும் கரியமில வாயுவின் கணக்கில் எழுத முடியாது.

சரி, காற்றுக்கு வருவோம். ராமேஸ்வரம் மௌனா லோவாவாக முடியுமா? முடியாது என்பது என் முடிவு. ஆனால் அதற்கான காரணத்திலேயே அதன் பயனும் இருக்கிறது.

இந்தத் தீவுக்கு ஆண்டில் இரண்டு முகம். கச்சான் வீசும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து மன்னார் வளைகுடா மேல் வருகிறது. அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். ஊரார் ஒன்றை ஆண்கடல், மற்றதைப் பெண்கடல் என்பார்கள். வாடை தொடங்கியதும் கதை தலைகீழ். காற்று வடகிழக்கிலிருந்து, வங்கக் கடலைக் கடந்து, அதற்கும் முன்னால் கங்கைச் சமவெளியின் அடுப்புப் புகையையும் அனல் மின் நிலையப் புகையையும் டீசலையும் சுமந்துகொண்டு வருகிறது. ஒரே கருவியை நகர்த்தாமல் வைத்தால் பாதி ஆண்டு கடலின் காற்றையும் மீதி ஆண்டு நிலத்தின் காற்றையும் அது முகரும். உலகப் பொதுக் காற்று வேண்டுமென்றால் இது குறை. இந்தியா கடலுக்குள் என்ன ஊதுகிறது என்று அறிய வேண்டுமென்றால் இதைவிட நல்ல வாசல் இல்லை.

வாடைக் காற்றின் கதையை உலகுக்குச் சொன்னது பக்கத்தில் இருக்கும் இன்னொரு தீவுக் கூட்டம். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடல் சோதனை என்ற பெயரில் பன்னாட்டு விஞ்ஞானிகள் கப்பல், விமானம், செயற்கைக்கோள் எல்லாவற்றையும் இறக்கினார்கள். மாலத்தீவின் காஷிதூ தீவு அவர்களுடைய தரைத்தளம். முன்னின்று நடத்தியவர் வீரபத்ரன் ராமநாதன். சென்னையில் பிறந்து சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். குளிர்பதனப் பெட்டி வாயுக்களும் பூமியைச் சூடாக்கும் என்று 1975இலேயே காட்டியவர். தூய நீலக் காற்றை எதிர்பார்க்கும் கடலின் மேல் மூன்று கிலோமீட்டர் தடிப்பில் பழுப்பு மூட்டம் படர்ந்திருந்ததை அந்தச் சோதனை பதிவு செய்தது. கந்தகமும் கரும்புகைக் கரியும் கலந்த அந்த மூட்டம் வெயிலைத் தடுத்துக் கடல் பரப்பைக் குளிர்விக்கிறது, நடுக்காற்றைச் சூடாக்குகிறது. கடலிலிருந்து ஆவி எழுவதைக் குறைத்து மழையிலும் கை வைக்கிறது. பசுமைக்குடில் வாயுக்கள் ஏற்றும் சூட்டின் ஒரு பகுதியை நம் புகையே மறைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் இதில் சங்கடம். புகையைக் குறைத்தால் நெஞ்சு நன்றாகும், சூடு வெளியே வரும். குறைக்காமல் இருக்கவும் முடியாது. பிறகு மாலத்தீவின் வடகோடியில் ஹனிமாதூவில் நிரந்தர ஆய்வகம் எழுந்தது.

அட்லாண்டிக் பக்கம் கேப் வெர்டேயில், சாவ் விசென்ட் தீவில், 2006 முதல் ஓர் ஆய்வகம் இயங்குகிறது. பிரிட்டனும் ஜெர்மனியும் அந்நாட்டோடு சேர்ந்து நடத்துவது. அங்கே கிடைத்த ஒரு கண்டுபிடிப்பு நம் கரைக்கு நேரடியாகப் பொருந்தக்கூடியது. கடலிலிருந்து வெளிப்படும் அயோடினும் புரோமினும் காற்றிலுள்ள ஓசோனைத் தின்கின்றன. கணினி மாதிரிகள் போட்ட கணக்கைவிட ஓசோன் அழிவு சுமார் பாதிக்குப் பாதி கூடுதல் என்று 2008இல் அங்கிருந்து அறிவித்தார்கள். ஓசோனும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுதான். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் மண்டிய, ஆழமே இல்லாத, வெந்நீர் போலக் காயும் பாக் விரிகுடா ஓரத்தில் இந்த ரசாயனம் எப்படி நடக்கும் என்பது நல்ல கேள்வி. பாம்பனில் ஓர் ஓசோன் மானியை வைத்துப் பத்தாண்டு விடாமல் பார்க்கலாம்.

இந்தியாவிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1970களிலிருந்தே வானிலைத் துறை பின்னணிக் காற்றைக் கவனிக்கப் பத்து நிலையங்கள் வைத்திருக்கிறது; கொடைக்கானலும் மினிக்காயும் போர்ட் பிளேயரும் அதில் உண்டு. கோவாவின் கேப் ராமாவில் 1993 முதல் கண்ணாடிக் குடுவையில் காற்றைப் பிடித்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி அளந்தார்கள். 2002 வாக்கில் அது நின்று, சில ஆண்டு கழித்து மறுபடி உயிர்பெற்றது. லடாக்கின் ஹான்லே, புதுச்சேரி, போர்ட் பிளேயர் மூன்றிலும் இந்திய, பிரெஞ்சு விஞ்ஞானிகள் சேர்ந்து குடுவை நிரப்பினார்கள். 2015இல் வெளியான முடிவுகளில் 2007 முதல் 2011 வரையான அளவுகள் இருந்தன. ஹான்லேயைவிடப் புதுச்சேரியில் மீத்தேன் கூடுதல். வயலும் மாடும் ஊரும் அருகில் இருக்கிறதே. பட்டியலைப் படிக்கும்போதே நமது பழக்கம் தெரிகிறது: ஒரு திட்டம், சில ஆண்டு, ஒரு நல்ல கட்டுரை, அப்புறம் ஓர் இடைவெளி.

இடைவெளி இல்லாமல் எழுதப்பட்ட கணக்கு ஒன்று இந்தக் கரையில் இருக்கிறதென்றால் அது கடலுக்கு அடியில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இருபதாண்டாக மூழ்கி மூழ்கி எண்ணிவருகிறார்கள். கோடையில் நீர் முப்பது, முப்பத்தொன்று டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பவளம் தன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் எலும்பு தெரியும். 2010இல் ஒரு பெரிய வெளுப்பு. 2016இல் அதைவிடப் பெரியது. 2016க்கு முன் 38.9 விழுக்காடாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு 22.7 ஆக இறங்கியது. 2024இல் மறுபடியும். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் சட்டத்தாலும் 2004 சுனாமி தந்த பயத்தாலும் முடிந்திருந்தது. கரையில் இருந்த கடப்பாரையை நிறுத்தினோம், சூட்டை நிறுத்த நம் மீன்துறையிடம் டோக்கன் இல்லை. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வெப்பநிலையை வைத்து 2011 முதல் வெளுப்பு எச்சரிக்கை தருகிறது. ஒருவகையில் அதுவும் கூண்டுதான், பவளத்துக்கான கூண்டு. என்ன, பவளம் கரையேறி நிற்க முடியாது.

பாசி எடுக்கும் பெண்களுக்கு இதெல்லாம் எண்ணாகத் தெரியாது, உடம்பாகத் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பைக் கட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றி, தீவோரப் பாரில் மூச்சடக்கி முங்குகிறவர்கள் அவர்கள். முன்பு எந்த மாதத்தில் எந்தப் பாரில் பாசி நின்றது, இப்போது எங்கே வழுக்குகிறது என்பதை வரிசையாகச் சொல்வார்கள். குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் போர்வை போலப் படர்ந்த அந்நியப் பாசியை அவர்கள் “பெப்சி பாசி” என்கிறார்கள். அந்தக் கம்பெனி இங்கே அதன் வளர்ப்பைத் தொடங்கிவைத்ததால் வந்த பெயர். பாம்பனில் மீனவர்களே 2016 முதல் நடத்தும் “கடல் ஓசை” 90.4 பண்பலையில் இந்த வகைப் பேச்சைக் கேட்கலாம். காற்று, அலை, நீவாடு எல்லாம் அதில் வரும். வாநீவாடு, சோநீவாடு என்று நீரோட்டத்துக்குத் திசை பிரித்துப் பெயர் வைத்த சனம் அது. நினைவைக் கருவிக்கு மாற்றாக வைக்கச் சொல்லவில்லை. நினைவு தேதி போட்டு வைப்பதில்லை. ஆனால் கருவியை எங்கே வைக்க வேண்டும், எந்த மாதம் விடாமல் பார்க்க வேண்டும் என்று சொல்ல அவர்களைவிட ஆள் கிடையாது.

ஆக, பாலத்தில் காற்றுக்கு ரயில்வே, பாம்பனில் வெப்பத்துக்கும் மழைக்கும் வானிலைத் துறை, மண்டபத்தில் மீனுக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், பவளத்துக்குத் தூத்துக்குடி, கடல் சூட்டுக்கு ஹைதராபாத். இந்த நோட்டுகளை ஒரே மேசையில் விரித்து, ஒரே நாள்காட்டியில் அடுக்கி, அதோடு ஒரு கரியமில வாயு மானி, ஓர் ஓசோன் மானி, கரும்புகை வடிகட்டி, நிரந்தர ஓதமானி, தரையின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க ஒரு ஜிபிஎஸ் ஆகியவற்றைச் சேர்த்தால் ராமேஸ்வரத்தில் ஆய்வகம் வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். தீவிலேயே குந்துகாலில் ஒரு சின்னக் கட்டடம் போதும். கட்டடத்தைவிட அதில் இருபதாண்டு உட்காரும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குவதுதான் கஷ்டம்.

இத்தனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2024 நவம்பர் 20ஐக் காட்டலாம். ஆண்டு முழுவதற்கும் எண்பது சொச்சம் சென்டிமீட்டர் மழை பெறும் மாவட்டம் இது. தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கியது. அன்று ராமேஸ்வரத்தில் ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் 41 சென்டிமீட்டர் கொட்டியது. பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19. கோயிலைச் சுற்றிய தெருக்களில் முழங்காலளவு தண்ணீர். சில கிலோமீட்டர் தள்ளியிருந்த தங்கச்சிமடத்துக்கும் மண்டபத்துக்கும் வேறு வேறு எண்கள். மேகம் அவ்வளவு குறுகலாக, ஒரே இடத்தில் நின்று கொட்டியது. வெப்பக் கடலின் மேல் ஈரம் மிகுந்து இப்படித் தெருத் தெருவாகக் கொட்டும் மழை பெருகும் என்று மாதிரிகள் சொல்கின்றன. ஒரு நாள் மழையை வைத்து அதை நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வேண்டியது பதிவேடு. காரைக்கால் ரேடார் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமி வளைவதால் அதன் கதிர் இங்கே வரும்போது மேகத்தின் கால் தெரியாது. ராமநாதபுரத்திலேயே ரேடார் வைக்க மாநில அரசு அறிவித்திருக்கிறது. அது வரும்.

அதுவரை மழைமானிதான். காலை எட்டரை முதல் மறுநாள் காலை எட்டரை வரை ஒரு நாள் மழை. புனல் வழியே இறங்கும் தண்ணீரை உள்ளே ஒரு குப்பி வாங்கிக்கொள்கிறது. பல இடங்களில் புழங்கும் அளவில் அந்தக் குப்பி 20 சென்டிமீட்டர் மழையோடு நிரம்பிவிடும். 41 பெய்யும் நாளில், குப்பி வழிவதற்கு முன், அந்த மழையிலேயே ஒருவர் வெளியே போய், மூடியைத் திறந்து, தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, நனையாத காகிதத்தில் எண்ணைக் குறித்து, குப்பியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு வர வேண்டும். இரண்டாவது முறையும்.